மீட்டர் 12.7 காட்டியும் ரோபோ நின்றது ஏன்?

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ ரோபோட்டிக்ஸ் போட்டியில் ஒரு ஆட்டம் சுமார் இரண்டரை நிமிஷம்தான். பேட்டரி விஷயத்தில் எல்லா அணிக்கும் ஒரே விதி: 12 வோல்ட், சுமார் 18 ஆம்பியர்-ஹவர் சீல்டு லெட்-ஆசிட். சின்ன யுபிஎஸ்களில் இருக்கும் அதே ரகம், எடை 6 கிலோ. லித்தியம் காலத்தில் இதையா தூக்கிச் சுமக்கணும்? ஒன்றையொன்று மோதும் ரோபோக்களில் குத்துப்பட்டால் தீப்பிடிக்காத பேட்டரிதான் நல்லது. பணக்கார அணி விலை உயர்ந்த பேட்டரியோடு வந்து ஜெயிக்கவும் வழியில்லை.

ஆனால் இரண்டரை நிமிஷத்துக்கே சார்ஜ் பத்தாமல் ரோபோ நிற்கிறதா? இல்லை. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஒரு நொடிக்கு 200 ஆம்பியர்கூட இழுக்கும். பேட்டரியின் உள்மின்தடை 0.015 ஓம் என்றால் அங்கேயே 3 வோல்ட் காலி. டெர்மினல் போல்ட் லூஸாக இருந்து இன்னொரு 0.01 ஓம் சேர்ந்தால் மேலும் 2 வோல்ட் போச்சு. பழைய பேட்டரியின் உள்மின்தடை இதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் மிஞ்சுவது 5 வோல்ட்டுக்கும் கீழே. இந்தப் போட்டியில் பல ஆண்டுகள் ஓடிய முதல் தலைமுறை ‘ரோபோரியோ’ கட்டுப்பாட்டுப் பெட்டி, 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே மோட்டார்களை நிறுத்திவிடும்.

சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தால் அந்தப் பழைய பேட்டரியும் 12.7 காட்டும். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். புது மோட்டார் வாங்க அலைகிற அணிகள், ஸ்பேனர் எடுத்து அந்த இரண்டு போல்ட்டை இறுக்குவதில்தான் கோட்டை விடுகின்றன. வயர் தடிமனாக, குட்டையாக இருக்கணும். 120 ஆம்பியர் மெயின் பிரேக்கர், எட்டி அணைக்கிற இடத்தில் இருக்கணும்.