உறுமியும் கணினியும்: மாதங்கியின் ‘கலா’

மின்னிசை என்றாலே முகம் சுளிப்பது தமிழ்த்துறைகளில் ஏறக்குறைய ஓர் ஒழுக்கநெறியாகவே ஆகிவிட்டது. கணினியில் கோத்த ஓசை இசையாகாது, அது நாட்டார் கலையை விழுங்கிவிடும் என்பது என் நண்பர்கள் பலரின் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு எதிராக நான் முன்வைக்கும் சான்று, 2007 ஆகஸ்டில் வெளியான ‘கலா’ என்னும் இசைத்தொகுப்பு.

எம்.ஐ.ஏ. என்ற பெயரால் உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம், இலண்டனில் பிறந்து, ஈழத்தில் சிறுபருவத்தைக் கழித்து, போரினால் மீண்டும் இலண்டனுக்கே பெயர்ந்தவர். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப்பெயரான ‘அருளர்’ என்பதைச் சூட்டினார். இரண்டாவதற்குத் தாயின் பெயர். அமெரிக்க விசா சிக்கலால் ‘கலா’ ஊர் ஊராக அலைந்து உருவாயிற்று. சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் தம் ஒலிப்பதிவுக்கூடத்தைத் தந்துதவ, இருபதுக்கும் மேற்பட்ட இசைஞர்கள் வாசித்தனர். ‘பேர்ட் ஃபுளூ’ பாடலைக் கேளுங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்க எழும் உறுமியின் அந்த முனகல், ஊறுகாய் போல ஓரத்தில் வைக்கப்படவில்லை; பாட்டே அதன்மேல்தான் நிற்கிறது. கோழிக் கொக்கரிப்பும் சிறுவர் கூச்சலும் அதனோடு வந்து மோதுகின்றன. கணினி இங்கே எதையும் விழுங்கவில்லை. (‘பாம்பூ பாங்கா’வில் இளையராஜாவின் ‘தளபதி’ப் பாடலிலிருந்து ஒரு துணுக்கு வருவதை இரசிகர்கள் கண்டுகொள்வார்கள்.)

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது மலைபடுகடாம். மலையை யானையாக்கி, அதில் எழும் ஓசைகளை மதமாக்கிப் பெயர்சூட்டப்பெற்ற பாட்டு. அருவியின் ஒலி, கரும்பாலையின் ஒலி, தினை குற்றும் மகளிரின் வள்ளை, மஞ்சளும் சேம்பும் காப்போர் பன்றி வெருட்ட அறையும் பறை என்று பெருங்கௌசிகனார் ஓசைகளைத் திரட்டிக்கொண்டே போகிறார். எதையும் இழைத்து மெருகேற்றுவதில்லை. அடுத்தடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். ஒலித்துணுக்குகளை அடுக்கும் இன்றைய மின்னிசைஞரின் வேலையும் அதுவே.

நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம் என்பர். சவ்வாது மலைக்குத் தெற்கே இருக்கிறது. அம்மலைமேல் உள்ள புதூர்நாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்தப் பாட்டை நடத்துவது தனி அனுபவம். உரையாசிரியர் துணையின்றியே பன்றிப்பறை அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. அவர்கள் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. ஒலியைப் பதியவும் வெட்டவும் ஒட்டவும் அதுவே போதும். ஊர்த்திருவிழாவின் கொட்டோசையை அவர்கள் அதில் பதிந்து புதிதாய் ஒன்று செய்தால், மரபு கெட்டது என்று நாம் புலம்பக் கூடாது. பதியாமல் விட்டால்தான் கெடும்.

‘கலா’வின்மேல் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஸ்விட்ச், டிப்லோ என்று தயாரிப்பாளர் பெயர்களை ஓயாமல் சொல்லும் விமர்சனங்கள் பல படித்துவிட்டேன். உறுமி வாசித்தவர் ஒருவரின் பெயரையும் அவற்றில் கண்டதில்லை. கூத்தர் பையில் சுமந்து செல்லும் கருவிகளைக்கூட முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு என்று ஒவ்வொன்றாய்ப் பெயர்சொல்லித் தொடங்குகிறது மலைபடுகடாம். வாசித்த கைகளுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா? புதூர்நாட்டுப் பிள்ளைகள் பதியும்போது, கொட்டுபவரின் பெயரையும் ஊரையும் முதலில் எழுதிக்கொள்ளட்டும், தாளம் பிறகு.

அடுத்த பருவத்தில் மலைபடுகடாம் பாடவேளை ஒன்றில் ‘பேர்ட் ஃபுளூ’வை ஒலிக்கவிட எண்ணியிருக்கிறேன். பக்கத்து வகுப்பில் யாப்பு நடத்தும் நண்பர் பொறுத்தருள வேண்டும்.