முதலில் கேளுங்கோ, பிறகு எண்ணெய் விடுங்கோ

எங்கட வீட்டில் எது சத்தம் போட்டாலும் மாமா எண்ணெய்ப் போத்தலோடுதான் வருவார். கதவுப் பிணைச்சல், தையல் மெசின், பேத்தியின் சைக்கிள் எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான்.

வசந்த காலத்தில் நடக்கும் வெலோபோர்ஸ என்ற பழைய சைக்கிள் சந்தையில் மகளுக்கு ஒன்று வாங்கினோம். சட்டத்தில் 2008ஆம் ஆண்டு விக்னெட் ஒட்டியிருந்தது. காப்புறுதிக்காக வருடாவருடம் ஒட்டிய அந்த ஸ்டிக்கர் 2012இல் முற்றாக நின்றுபோனது. அப்படியென்றால் இந்தச் சைக்கிள் மகளைவிட மூத்தது.

இரண்டாம் கிழமை பெடல் மிதிக்கும்போது "டக், டக்" என்று ஒரு சத்தம் தொடங்கியது. மாமா எண்ணெய் விட்டார். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் திரும்பவும் "டக்". அவள் வெலோப்றூஃபுங்குக்காக றோட்டில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். பல கன்டோன்களில் ஐந்தாம், ஆறாம் வகுப்பளவில் பிள்ளைகளுக்கு வைக்கும் சைக்கிள் பரீட்சை அது. உங்களில் பலருக்கும் இது தெரிந்திருக்கும். நாங்களும் அந்த வயதில் அதைச் செய்தவர்கள்தானே.

இந்த முறை எண்ணெய்ப் போத்தலை ஒரு பக்கம் வைத்துவிட்டு மகளிடம் கேள்வி கேட்டேன். இதே கேள்விகளை நீங்களும் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: மிதிக்கிறதை நிறுத்தி உருள விட்டால் சத்தம் நிற்குதா? நின்றால் பெடல், பெடல் தண்டு, நடு அச்சு, செயின் ஆகியவற்றில் தேடுங்கள். நிற்காவிட்டால் சில்லு, பிறேக், மட்காட் பக்கம் பாருங்கள்.

இரண்டாவது: எத்தனை சுற்றுக்கு ஒரு தரம்? மகளின் சைக்கிளில் முன் பல்லுச் சக்கரத்தில் 38 பல், பின்னால் 19. பெடல் ஒரு தரம் சுற்றினால் பின் சில்லு இரண்டு தரம் சுற்றும். முழுச் செயினும் ஒரு தரம் சுற்றி வர இரண்டரைப் பெடல் சுற்றுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரு "டக்" என்றால் பெடல் பக்கம், இரண்டு என்றால் பின் சில்லு, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒன்று என்றால் செயினில் இறுகிப்போன ஒரு கண்ணி.

மூன்றாவது: சீற்றில் இருந்து எழும்பி மிதித்தாலும் வருதா? எழும்பினதும் நின்றால் குற்றவாளி சீற் அல்லது அதன் கம்பி.

நான்காவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: என்ன மாதிரிச் சத்தம்? இதுக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. செயின் காய்ந்தால் "கிறீச்". மட்காட் ரயரில் உரசினால் "சரசர". கரியர் ஆணி கழன்றால் "கடகட". பெயரிங்குக்குள் மண் போனால் "கரகர". வீட்டில் ஜெர்மனில் பதில் சொல்லும் என் மகள், இந்தச் சத்தங்களை மட்டும் தமிழில்தான் சொன்னாள்.

"உம்ம்" என்று வேகத்தோடு கூடுகிற சத்தம் எல்லாம் பழுது இல்லை. ரயரில் தேய்ந்து சுற்றும் பழைய டைனமோவாகவும் இருக்கலாம். அதைக் கேட்டாலே மாமாவுக்கு 90களின் யாழ்ப்பாணம் ஞாபகம் வந்துவிடும். பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டிருக்கினம்.

மகளின் பதில்கள்: உருளும்போது இல்லை, ஒரு சுற்றுக்கு ஒரு தரம், எழும்பி மிதித்தால் இன்னும் கூட. இரண்டு பெடல் தண்டுகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தோம். இரண்டும் சேர்ந்து ஆடினால் நடு அச்சின் பெயரிங். ஒன்று மட்டும் ஆடினால் அந்தத் தண்டு. எங்களுக்கு இடது தண்டு மட்டும் ஆடியது.

எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. லூசான தண்டோடு ஓடிக்கொண்டிருந்தால் அதன் சதுரத் துளை தேய்ந்து, ஒரு நாள் தண்டே கழன்றுவிடும். சந்தியில் இடது பக்கம் திரும்ப அவள் எழும்பி மிதிக்கும் நேரமாகவும் அது இருந்திருக்கலாம். மாமாவின் எண்ணெய் அந்த எச்சரிக்கையைத்தான் இரண்டு நாள் மௌனமாக்கியது.

திருத்தம் பத்து நிமிட வேலை. மூடியைக் கழற்றி, 8 மில்லிமீற்றர் அலன் கீயால் ஆணியை நன்றாக இறுக்கினோம். இந்த வகைத் தண்டுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீற்றர் வரை தேவை. சும்மா கைப்பிடி இறுக்கம் போதாது. இறுக்கிய பிறகும் திரும்பக் கழன்றால் துளை தேய்ந்துவிட்டது, தண்டையே மாற்ற வேண்டும்.

இன்னும் மூன்று விஷயம். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம். கழற்றுவதற்கு மணிக்கூட்டு முள் போகும் பக்கம் திருப்ப வேண்டும். பழைய சுவிஸ் சட்டங்கள் பலவற்றில் நடு அச்சின் மரை 35 மில்லிமீற்றர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆங்கில அளவு அதைவிட மயிரிழை சிறிது. பலவந்தமாகப் பூட்டினால் சட்டம் பழுது, அந்த வேலையைக் கடைக்காரரிடம் விடுங்கள். கடைசியாக, தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். இங்கே வருடத்தில் முக்கால்வாசி நாள் அப்படித்தான். செயினுக்கென்று விற்கும் எண்ணெயில் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடையுங்கள். பிறேக்கில் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது.

போன சனிக்கிழமை மாமாவின் சைக்கிள் "கிறீச்" என்றது. அவர் போத்தலை எடுக்க, மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"பொறுங்கோ அம்மப்பா. மிதிக்காட்டியும் சத்தம் வருதா?"

மாமா போத்தலைக் கீழே வைத்துவிட்டு, ஓடிப் பார்க்கப் போனார்.