‘நீ எத்தனை?’

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த கிழமை திருகோணமலை ரவுணுக்குள்ள ஒருக்கா நடந்து பாருங்கோ. பாடசாலை மதில், ரியூசன் வாசல் எல்லாம் பதாதை. பிள்ளையின் படம், பக்கத்தில் புள்ளி. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைக்குப் படமில்லை, கடைக்கார அண்ணா முதல் மாமி வரை கேட்கும் கேள்வி மட்டும் உண்டு: “நீ எத்தனை?” எத்தனை எடுத்தாய் என்றுகூட இல்லை. பிள்ளையே ஒரு எண்ணாகிவிடுகிறது.

எரிக் எரிக்சன் 1950இல் எழுதிய நூலில், ஆளுமை வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். அதில் ஆறு வயது முதல் பன்னிரண்டு வரையான கட்டத்தின் கேள்வி, ‘என்னால் ஏலுமா, ஏலாதா?’ என்பதுதான். வாசித்து, வரைந்து, விளையாடி, ஒரு வேலையைச் செய்து முடித்து, ‘ஏலும்’ என்ற நம்பிக்கையைப் பிள்ளை தானே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மிஞ்சுவது தாழ்வுணர்வு. நாங்களோ சரியாக அந்த நேரத்தில் ஒரு பரீட்சையை வைத்து, விடையையும் நாங்களே மதிலில் எழுதிவிடுகிறோம்.

படத்தில் இருக்கும் பிள்ளையாவது தப்பியதா? அதுவும் இல்லை. 1998இல் முல்லர், ட்வெக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். ‘நீ கெட்டிக்காரப் பிள்ளை’ என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து வந்த கடினமான புதிரில் சறுக்கியதும் சீக்கிரம் மனம் விட்டார்கள். அவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவில் தங்கள் புள்ளியைக் கூட்டிப் பொய்யும் எழுதினார்கள். ‘நல்லா முயற்சி செய்தாய்’ என்று கேட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

பரீட்சையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்திலிருந்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்க இது ஒரு வழி. ஒரு மீன்பிடித் தொழிலாளியின் பிள்ளைக்கு அது பெரிய விசயம். ஆனால் அந்த உதவி வீட்டுக்கு வர ஒரு கடிதம் போதும். பதாதை எதற்கு?

எங்களில் சிலர் பதாதையில் இருந்தவர்கள், பலர் இல்லாதவர்கள். இன்று எல்லாரும் ஒரே விரிவுரை மண்டபத்தில்தான் இருக்கிறோம். ஆனாலும் கேட்டுப் பாருங்கோ, அந்தப் புள்ளி இன்னும் எல்லாருக்கும் மனப்பாடம்.

வருகிற முறை தம்பி தங்கச்சியிடம் அதைக் கேட்க வாய் வந்தால், ஒரு நிமிசம் பொறுத்து வேறொன்றைக் கேட்போம்: “உனக்கு என்ன செய்ய விருப்பம்?”