வைக்கோலில் விளையும் மீன் தீவனம்

கடையநல்லூர் வட்டாரத்தில் பிசான அறுவடை முடிந்த வயல்களில், கட்டுக்கு வராத துண்டு வைக்கோல் சிதறிக் கிடக்கும். மாட்டுக்குப் போக மிஞ்சியது வீணாகிறது. அதே ஊரில் பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்க்கும் சிறு விவசாயியோ பிண்ணாக்கையும் தவிட்டையும் காசு கொடுத்து வாங்குகிறார். மீன் வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனத்துக்குத்தான். இதில் ஒரு பகுதியை வைக்கோலே குறைத்துக் கொடுக்கும்.

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. மீன் அதை நேரே தின்று பயனில்லை. ஆனால் நீரில் ஊறிய வைக்கோலின் மேல் சில நாட்களில் வழுவழுப்பான படலம் படியும். அதில் நிறைந்திருப்பவை நுண்ணுயிர்கள். வைக்கோலின் நார்ப்பொருளையும், சாணத்திலும் மீன் கழிவிலும் உள்ள தழைச்சத்தையும் உண்டு அவை பெருகுகின்றன. பாக்டீரியாவின் உலர்ந்த எடையில் பாதிக்குக் குறையாமல் புரதம் உண்டு. கெண்டைகள் இப்படலத்தை மேய்ந்து வளர்கின்றன.

மங்களூர் மீன்வளக் கல்லூரி விஞ்ஞானிகள் கரும்புச் சக்கை, வைக்கோல், உலர்ந்த ஆகாயத்தாமரை ஆகிய மூன்றையும் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டனர். ரோகுவும் சாதாக் கெண்டையும் இவற்றால் கூடுதலாக வளர்ந்தன. மூன்றிலும் கரும்புச் சக்கையே முந்தியது.

ஆலையில் நுண்ணுயிர்ப் புரதம் தயாரிக்கும் முறையும் உண்டு. பின்லாந்தில் 1970-களில் காகித ஆலைக் கழிவுநீரில் பூஞ்சை வளர்த்துக் கால்நடைத் தீவனம் செய்தார்கள். அதற்குப் பெரும் முதலீடு வேண்டும். இரண்டு ஏக்கர் விவசாயிக்கு அவரது குட்டையே ஆலை.

எனினும் எச்சரிக்கை தேவை. வைக்கோலை அள்ளிக் கொட்டினால் அது அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும். சிறு சிறு கட்டுகளாகக் கட்டிக் கம்புகளில் தொங்கவிட வேண்டும். முதலில் சில கட்டுகளே போதும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தவித்தால், கட்டுகளை உடனே வெளியே எடுத்துப் புதுநீர் பாய்ச்ச வேண்டும். அறுவடையை ஒட்டிப் பூச்சிமருந்து அடித்த வயலின் வைக்கோல் குட்டைக்கு ஆகாது. பிண்ணாக்கை அடியோடு நிறுத்துவதும் தவறு. மாட்டின் பங்கைப் பிடுங்கி மீனுக்குக் கொடுப்பதிலும் லாபமில்லை.

சோதனைத் தொட்டியில் கண்ட பலன் ஒவ்வொரு குட்டையிலும் அப்படியே கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. நட்டம் வந்தால் தாங்க முடியாத சிறு விவசாயியின் தலையில் இப்பரீட்சையைச் சுமத்தக் கூடாது. 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில், அதிகத் தொலைவில்லாமல் இருக்கிறது. மீன்வளத் துறையும் கல்லூரியும் சேர்ந்து கடையநல்லூர்ப் பகுதியில் இரண்டு மாதிரிக் குட்டைகள் அமைக்கட்டும். ஒன்றில் வைக்கோல் கட்டி, மற்றொன்றைச் சும்மா விட்டு, பிடிபட்ட மீனை விவசாயிகள் முன்னிலையிலேயே எடை போட்டுக் காட்டட்டும். தராசு சொல்வதை விவசாயி நம்புவார்.