உலாப் போகும் தொலைபேசி

உலாப் பிரபந்தம் படித்தோர் அதன் அமைப்பை அறிவர். பாட்டுடைத் தலைவன் வீதியிலே பவனி வருவான். பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகிய எழுபருவ மகளிரும் அவன்மீது கொண்ட காதலால் மெலிவர். உலாப் போனவனுக்கு ஒரு குறைவும் இல்லை. நம் காலத்துக் கைத்தொலைபேசி உலாவிலோ நிலைமை தலைகீழ். இங்கே மெலிபவன் உலாப் போனவனே. அதுவும் ஊர் திரும்பிக் கட்டணப் பட்டியலைக் கண்ட பின்னரே மெலிகின்றான்.

‘ரோமிங்’ என வழங்கும் இச்சேவைக்கு ‘அலைவு’ என்று பெயரிடலாம் என்பது என் எண்ணம். வானிற் செல்லும் அலையும் ஊர்ஊராய் அலைதலும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன அல்லவா? பெயர் கிடக்கட்டும், பொருளுக்கு வருவோம்.

வெளிநாட்டிலே தரையிறங்கிய தொலைபேசி அந்நாட்டுக் கம்பனி ஒன்றின் அலையைப் பற்றிக்கொள்கின்றது. அக்கம்பனி நம் நாட்டுக் கம்பனியை வினவி, இன்னார் அதன் வாடிக்கையாளரே என்று உறுதிசெய்துகொண்டு இணைப்பு வழங்குகின்றது. பின்னர் பயன்பாட்டுக் கணக்கை அனுப்பி மொத்த விலையைப் பெற்றுக்கொள்கின்றது. அவ்விலையின்மேல் தன் இலாபத்தை ஏற்றி நம்மிடம் அறவிடுவது நம் நாட்டுக் கம்பனி. இந்தப் பேரத்திலே பணம் கொடுப்பவனுக்குக் குரல் இல்லை. வெளிநாட்டுக் கட்டணத்தைப் பார்த்து உள்ளூர்ச் சிம் அட்டை வாங்குவோர் அரியராதலால், போட்டி விலையைக் குறைக்கும் என்ற பொருளியற் பாடமும் இங்கே எளிதிற் செல்லுபடியாவதில்லை.

“கவனமாக இருந்தாற் போதாதா?” என்று கேட்போர் உளர். இக்கேள்வியை நான் ஏற்பதற்கில்லை. ரொறன்ரோவிலுள்ள மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகப் புறப்படும் யாழ்ப்பாணத்துத் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். இணைய அலைவு திறந்திருக்குமாயின், அவள் தொலைபேசியைக் கைப்பையைவிட்டு எடுக்காதபோதும் அதிலுள்ள செயலிகள் தாமே தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். உறவினர் அனுப்பிய கலியாணப் படங்கள் தாமே வந்திறங்கும். வந்த அழைப்பை எடுத்தாலும் கட்டணம். எடுக்காது விட, அது தாய்நாட்டுக் குரலஞ்சற் பெட்டிக்குத் திருப்பப்படுமாயின் அதற்கும் கட்டணம் விழக்கூடும். கண்ணுக்குத் தெரியாத செலவிலே ஒருவர் எங்ஙனம் கவனமாக இருத்தல் கூடும்?

ஐரோப்பிய ஒன்றியம் இதனை உணர்ந்து செயற்பட்டது. 2007இல் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. 2010 முதல், வாடிக்கையாளர் வேறு எல்லை கேளாவிடின், இணைய அலைவுச் செலவு மாதம் 50 யூரோவை எட்டியதும் தொடர்பை நிறுத்தவேண்டுமென ஆக்கியது. 2017 யூன் 15 முதல் ஒன்றியத்து நாடுகளுக்கிடையே மேலதிகக் கட்டணத்தையே நீக்கியது. 2022இல் அவ்விதியை 2032 வரை நீடித்தது. கம்பனிகள் தமக்குள் அறவிடும் மொத்த விலைக்கும் வரம்பு உண்டு: 1 கிகாபைற்றுக்கு 2022இல் 2 யூரோ, அது ஆண்டுதோறும் குறைந்து 2027இல் 1 யூரோ. சரக்கின் மொத்த விலை இதுவேயாயின், சில்லறை விலை மலையாய் வளர்வது சரக்கினால் அன்று என்பது வெளிப்படை. சட்டம் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும் என்பதையும் சொல்லவேண்டும். பாரிசில் வாங்கிய சிம் அட்டையோடு சூரிச்சுக்குப் போகும் நம்மவருக்கு அச்சட்டம் துணைவராது. சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பிரித்தானியா விலகியபின் அங்குள்ள கம்பனிகள் சில மீண்டும் கட்டணம் விதிக்கத் தொடங்கின.

செல்வ நாடுகளுக்கே இஃது இயலும் என்பார்க்குக் கிழக்கு ஆபிரிக்கா விடை கூறும். கென்யா, உகண்டா, ருவாண்டா ஆகியன 2014இல் ஒரே வலையமைப்பு வலயம் ஒன்றை உருவாக்கின. அதே 2014இலேதான் சார்க் தலைவர்கள் காத்மண்டுவிற் கூடினார்கள். அதன்பின் அம்மாநாடு கூடவேயில்லை. சிதம்பரத்திற்கும் புத்தகயாவிற்கும் ஆண்டுதோறும் யாத்திரிகர் போகும் நாட்டிலே இது சிறு குறையன்று.

விதி வருந்துணையும் சும்மா இருப்பதற்கில்லை. பலர் வெளிநாட்டில் இறங்கியதும் பழைய சிம் அட்டையைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். இது தவறான சிக்கனம். வங்கி அனுப்பும் இரகசிய எண் அந்தப் பழைய எண்ணுக்கே குறுஞ்செய்தியாக வரும். குறுஞ்செய்தியைப் பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆதலின் அட்டை இருக்கட்டும். இணைய அலைவை மட்டும் அணைத்துவிடுக. அழைப்புத் திருப்பலைப் புறப்படுமுன்னரே நீக்குக. இணையத்துக்குச் சென்ற நாட்டுச் சிம் அட்டையோ, தொலைபேசி ஏற்குமாயின் ஈ-சிம்மோ போதும். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே இயங்கும், எண்ணை மாற்றவா என்று அது கேட்பின் மறுத்துவிடுக. இந்தியாவிலே சிம் அட்டை வாங்கக் கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருத்தல் வேண்டும்.

விமானத்திலும் கப்பலிலும் செய்மதிவழி இயங்கும் வலையமைப்புகளுக்கு ஐரோப்பிய வரம்பும் பொருந்தாது. விலையோ மிக அதிகம். இராமேசுவர யாத்திரை போவோர்க்கு இன்னொரு சொல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீற்றர்தானும் இல்லை. அக்கரையில் நிற்பவரின் தொலைபேசி இக்கரை அலையைப் பற்றிக்கொள்வதுண்டு. நம்மூர்ச் சிம் அட்டை அங்கே வீட்டிலிருப்பதாக எண்ணிக்கொள்ளும். மதுரையில் வாங்கிய அட்டையோ வெளிநாடு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். வலையமைப்பைத் தாமாகத் தெரிவுசெய்யும் வசதி தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் உண்டு; இராமேசுவரம் தாண்டுமுன் அதனை இந்தியக் கம்பனியின்மீது நிறுத்திவிடலாம்.