களரி யாருடையது?

கல்முனைக் கரையோரத்தில் நாடகம், கூத்து என்ற பேச்சு எழுந்தால், "நமக்கென ஓர் அரங்கு என்றுமே இருந்ததில்லை, அரசு மண்டபம் கட்டித் தந்தாலன்றிக் கலை வளராது" என்று கற்றவர்களே கூறக் கேட்கிறோம். மண்டபம் கேட்பதை நாம் குறை சொல்லவில்லை. அரங்கற்ற மக்கள் நாம் என்னும் எண்ணத்தையே எதிர்க்கிறோம்.

மட்டக்களப்புப் பகுதிக் கூத்தின் அரங்கு வட்டக்களரி. ஊர்ப் பொதுவெளியில் மண்ணை வட்டமாகத் திருத்தி, கம்பம் நாட்டி, விளக்கேற்றினால் களரி ஆயிற்று. அறுவடை ஓய்ந்த பின் வடமோடியும் தென்மோடியும் விடியும்வரை ஆடப்பட்டன. மாதக்கணக்காகப் பழகி, சதங்கை அணிந்து, அதன் பின்னரே அரங்கேற்றம். செலவை ஊரே சுமந்தது. பார்வையாளர் நாற்புறமும் அமர்ந்தனர். வட்டத்தில் பிரமுகர் வரிசைக்கு இடம் ஏது?

முஸ்லிம் ஊர்களுக்கும் வட்டம் புதிதன்று. களிகம்புக் காரர் வட்டமாக நின்றே பாடி ஆடுவர். பொல்லடி, சிலம்படி, றபான், பக்கீர் பைத் யாவும் திருமணப் பந்தலையும் முற்றத்தையும் அரங்காக்கின. கூத்துப் பழக்குபவரும் அண்ணாவியார். பொல்லடி பழக்குபவரும் அண்ணாவியார். இரு சமூகங்களின் ஆசான்களுக்கு ஒரே பெயரைச் சூட்டியவர்கள் பண்டிதர்கள் அல்லர், உழைக்கும் மக்கள். செகப்பிரியரின் நாடகங்களைத் தமிழில் ஆராய்ந்து 1926இல் 'மதங்க சூளாமணி'யை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவும் கல்முனைக்கு அயலூரே.

பழங்களரியைப் பொற்காலமாக்கி வணங்க நாம் ஆயத்தமில்லை. சாதி வேற்றுமை அதையும் விட்டுவைக்கவில்லை. பெண் வேடத்தையும் ஆண்களே ஆடினர். போடியாரின் தயவும் வேண்டியிருந்தது. இக்குறைகளைக் களைய வேண்டும். களைகிறோம் என்று சொல்லிக் களரியையே இழப்பது அறிவுடைமை ஆகாது.

1956இல் சரச்சந்திர சிங்கள மரபுக் கூத்திலிருந்து 'மனமே'யைப் படைத்தார். அவ்வழியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை நகர மேடையேற்றினார். நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கென்று இகழப்பட்ட கலை கற்றோரின் மதிப்பைப் பெற்றது, இது பெருந்தொண்டு. ஆயினும் விடியவிடிய ஆடிய கூத்து சில நாழிகைக்குள் சுருங்கியது. நாற்புறமும் இருந்த மக்கள் ஒருபுறம் ஒதுங்கினர். கூத்து மேடைக்குப் போனது. மேடை கிராமத்துக்கு வரவில்லை.

பின்னர் வந்த ஆட்சிகள் கற்ற பாடம் யாது? 2011இல் கொழும்பில் சீன உதவியுடன் தாமரைத் தடாக அரங்கு எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் அதில் உண்டு. களிகம்பு ஆடும் கரைவலைத் தொழிலாளி அங்கே எந்த இருக்கையில் அமர்வான்?

இன்னொரு தடையையும் மறைக்க வேண்டியதில்லை. ஆட்டமும் பாட்டும் மார்க்கத்துக்குப் பகை என்போர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் பற்றை நாம் ஐயுறவில்லை. ஆனால் வீட்டுக்குள் இரவெல்லாம் தொலைக்காட்சித் தொடரை ஓடவிட்டு, முற்றத்தில் ஏழைக் கிழவன் எடுத்த றபானை மட்டும் பாவமெனத் தள்ளுவது எந்த நீதி?

2019 யூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழர் உண்ணாவிரதம் இருந்தனர். அதை எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவ்வழக்கின் நியாயங்களை இங்கு எடைபோடவில்லை. எல்லைக்காகப் பசி கிடக்கத் துணிந்த இரு சமூகங்களும் கூடி ஒரு பொதுக்களம் கேட்டால், அதை மறுக்கும் துணிவு எந்த அமைச்சருக்கு வரும்?

ஆகவே நாம் கேட்பது இது: கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட வெளி. அதற்குப் பூட்டும் வேண்டாம், வாடகையும் வேண்டாம், திறப்புவிழாக் கல்வெட்டும் வேண்டாம். இரு சமூகத்து அண்ணாவிமாரும், ஆசிரியரும், பெண்களும் அமர்ந்த ஊர்க்குழு அதை நடத்தட்டும். பாடசாலைகள் போட்டிமேடையின் சில நிமிடங்களுக்காக மட்டும் பிள்ளைகளைப் பழக்காமல், முதிய அண்ணாவிமாரை அக்களத்துக்கு அழைத்துவரட்டும். அவர்களுள் பலருக்கு வயது ஏறிவிட்டது. அவர்கள் நெஞ்சில் இருக்கும் பாட்டும் அடவும் அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டால், பிறகு எத்தனை கோடியில் மண்டபம் எழுப்பினாலும் அதில் ஆட ஒன்றும் இராது.

மாணவ நண்பர்களே, அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். மண்ணைத் திருத்த மண்வெட்டி போதும்.