கிழங்கை மட்டுமன்று, வேரையும் பார்ப்போம்

நோர்வூட்டில் லயத்து வாசலையொட்டிய சிறு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடும் தோட்டத் தொழிலாளி, இலை வெளிறக் கண்டதும் இன்னுமொரு பிடி யூரியாவைத் தூவுவது இயல்பே. ஆயினும் அதில் கணிசமான பாகம் செடியைச் சென்றடைவதேயில்லை. ஏனெனில், உருளைக்கிழங்கின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 30 சென்ரிமீற்றருக்குள்ளேயே அடங்கிவிட, நைத்திரேற்றாக மாறிய நைதரசனைப் பற்றி நிறுத்தும் சக்தியற்ற மண்ணிலிருந்து மலைநாட்டுப் பெருமழை அதனை வேர் எட்டாத ஆழத்துக்குக் கரைத்துச் சென்று, ஈற்றில் ஓடைகளிலும் சேர்த்துவிடுகிறது.

வேரின் நீளமும் ஆழமும் கிளைப்பும் இனத்துக்கு இனம் வேறுபடுவன; பொதுவாக, பிந்தி முதிரும் இனங்கள் விரிந்த வேர்த்தொகுதியும் நைதரசனை உறிஞ்ச நெடிய அவகாசமும் உடையன. நாமோ, ஜெர்மனியிலிருந்து வந்த கிரனோலா முதலிய இனங்களை விளைச்சலையும் சந்தையையும் கொண்டே மதிக்கிறோம். (மண்ணுக்குள் கிடப்பதை யார் தோண்டிப் பார்க்கிறார்கள்?) 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மலையக மரக்கறித் தோட்டங்கள் பட்ட அவஸ்தைக்குப் பின்னரும் இந்த அலட்சியம் நியாயமன்று.

குறைந்த பசளையில் நிறைந்த கிழங்கு தரும் வேர்களை இனத்தெரிவின் பிரதான லட்சணமாகக் கொள்ளுமாறு விவசாயத் திணைக்களத்தை வேண்டுகிறோம்.